எண்பதும் இருபதும்

அறுபது வயதுச் சீமான் இருபது வயது நங்கையை மணந்தால் ஊர் என்ன சொல்கிறது? "கொடுத்து வைத்தவர்" என்கிறது! பந்தல் போடுகிறது, பன்னீர் தெளிக்கிறது, பந்தியில் அமர்ந்து பாயசம் பருகுகிறது. பிறகு, "ஆண் பிள்ளைக்கு வயது ஏது?" என்று தத்துவமும் பேசுகிறது. அதே ஊரிடம் சென்று, "80 வயது மூதாட்டி ஒருத்தியும் 20 வயது இளைஞன் ஒருவனும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்கும், மூக்கைப் பொத்தும், கலி முற்றிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளும்.

அங்கே இடைவெளி 40 ஆண்டு. இங்கே 60 ஆண்டு. இந்த 20 ஆண்டுக் கூடுதல்தான் முகச் சுளிப்புக்குக் காரணமா? இல்லை தோழர்களே, இல்லை! அங்கே மூத்தவர் ஆண். இங்கே மூத்தவர் பெண். கணக்கு வயதைப் பற்றியதன்று, ஆதிக்கத்தைப் பற்றியது. இந்த உண்மையை ஒன்றரை மணி நேரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன திரைப்படம் ஒன்று உண்டு. 'ஹெரால்டும் மோடும்' என்பது அதன் பெயர். 1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைக் காதல் நகைச்சுவைப் படம் என்ற பட்டியலில் சேர்க்கின்றனர். சேர்க்கட்டும். ஆனால், அது வெறும் வேடிக்கைப் படம் என்று கூறுவோருடன் நாம் மாறுபடுகிறோம். அஃது ஒரு குற்றப் பத்திரிகை. கூண்டில் நிற்பவர் யார் யார் என்பதைக் காட்டவே இதனை எழுதுகிறோம்.

கதை எளியது. ஹெரால்டு செல்வச் சீமாட்டியின் ஒரே மகன். மாளிகை உண்டு, பணியாட்கள் உண்டு, கேட்டதும் வந்து நிற்கக் கார் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: அவனை மனிதனாக மதித்துப் பேச ஓர் ஆள். தாய்க்கு அவன் மகனல்லன். மாளிகையின் தட்டுமுட்டுப் பொருள்களில் ஒன்று. ஆகவே, அவன் இறந்தவன்போல் நடித்து நடித்துத் தாயின் கவனத்தை இழுக்கப் பார்க்கிறான். படத்தின் முதற் காட்சியே அதுதான். பெற்றவள் அலறினாளா? இல்லை. தொலைபேசியில் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டு, இரவு விருந்துக்கு நேரத்தோடு வந்து சேரும்படி கூறிச் செல்கிறாள்! சிரிக்கிறோம். சிரித்த மறுகணமே நெஞ்சு சுடுகிறது. பணம் பெருத்த வீட்டில் பாசம் எப்படிச் செத்துக் கிடக்கிறது என்பதைக் காட்ட இதைவிட வேறென்ன காட்சி வேண்டும்?

மகனுக்கு மணம் முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தச் சீமாட்டி முடிவு கட்டுகிறாள். கணிப்பொறியின் துணைகொண்டு பெண் தேடித் தரும் நிறுவனத்திடமிருந்து வினாத்தாள் வருகிறது. மணக்கப் போகிறவன் எதிரே அமர்ந்திருக்கிறான். தாய் வினாக்களை உரக்கப் படிக்கிறாள். விடைகளையும் தானே எழுதிக் கொள்கிறாள்! அவனிடம் ஒரு சொல் கேட்டாளில்லை. சாதகக் கட்டைத் தூக்கிக் கொண்டு, பத்துப் பொருத்தம் பார்த்து, பதினோராவது பொருத்தமாகிய மனப் பொருத்தத்தை மட்டும் மறந்துவிடும் நம்மூர்ப் பெற்றோர், அந்தச் சீமாட்டியின் உடன்பிறந்தாராகவே நமக்குத் தோன்றுகின்றனர். சோதிடர் அமர்ந்த இடத்தில் அங்கே கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. இயந்திரம் புதிது, இருட்டு பழையது.

அறிமுகம் இல்லாதவர்களின் இறுதிச் சடங்குகளுக்குச் சென்று அமர்வது ஹெரால்டின் பொழுதுபோக்கு. அங்கேதான் மோட் என்னும் மூதாட்டியைச் சந்திக்கிறான். இன்னும் சில நாட்களில் அவளுக்கு 80 வயது நிறையப் போகிறது. பழைய இரயில் பெட்டி ஒன்றே அவள் வீடு. நகரத்துத் தெருவோரத்தில் புகையில் மூச்சுத் திணறி நிற்கும் சிறு மரத்தை வேரோடு பெயர்த்தெடுத்து, காட்டிலே கொண்டுபோய் நடுகிறாள். தேவாலயத்துச் சிலைகளுக்கு வண்ணம் பூசுகிறாள். பாதிரியார் அதுபற்றிக் கேட்டால், பிடித்திருந்ததா என்று திருப்பிக் கேட்கிறாள்! சாவைப் பார்க்க வந்த இளைஞனுக்கு வாழ்வைப் பார்க்கக் கற்றுத் தருகிறாள் அந்தக் கிழவி. பாங்கோ என்னும் நரம்புக் கருவியை அவன் கையில் தருகிறாள். இருபதில் கிழவனாகிவிட்டவனும் எண்பதில் இளமை மாறாதவளும் நட்பாகின்றனர், நட்பு காதலாகிறது. அவளையே மணப்பேன் என்று அவன் அறிவிக்கிறான்.

அறிவித்ததும் வருகிறார்கள் மூவர்! படத்தின் உச்சம் நமக்கு இதுவே.

முதலாமவர் இராணுவ அதிகாரி, ஹெரால்டின் மாமன். அவர் முதுகுக்குப் பின்னே குடியரசுத் தலைவர் நிக்சனின் படம். இரண்டாமவர் மனநோய் மருத்துவர். பின்னே ஃப்ராய்டின் படம். மூன்றாமவர் பாதிரியார், பின்னே போப்பாண்டவரின் படம். மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கேமராவை நோக்கி அறிவுரை வழங்குகின்றனர். அரசு சொல்கிறது, கூடாது என்று. அறிவுத்துறை சொல்கிறது, இது நோய் என்று. மதம் சொல்கிறது, அருவருப்பு என்று. இளம் உடலும் முதிய உடலும் இணைவதை எண்ணினாலே குமட்டுகிறது என்கிறார் அந்த மதகுரு! அன்பே தெய்வம் என்று ஞாயிறுதோறும் உபதேசிக்கும் வாய் அது. அன்பு நேரே வந்து நின்றால் அதற்கு வாந்தி வருகிறது!

மூவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "நீ அவளை நேசிக்கிறாயா? அவள் உன்னை நேசிக்கிறாளா?" இந்த எளிய கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நா எழவில்லை. ஏன்? கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் படத்தை மாட்டிக் கொண்டு அமர்ந்திருக்கும் பீடம் ஆடிவிடும். அதிகாரம் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த அங்கி அணிந்தாலும், தன் முதுகுக்குப் பின்னே ஒரு படத்தை மாட்டிக் கொண்டுதான் பேசுகிறது. தன் மூளையில் ஏதும் இல்லாத குறையை அந்தப் படம் மறைக்கிறது.

இந்தப் படத்தை எழுதியவர் யார்? காலின் ஹிக்கின்ஸ் என்னும் திரைப்படக் கல்லூரி மாணவர். லாஸ் ஏஞ்சல்சில் படித்துக்கொண்டே, ஒரு தயாரிப்பாளரின் இல்லத்தில் வேலை பார்த்துப் பிழைத்தவர். அங்கிருந்துதான் அவருடைய கதை பாரமவுண்ட் நிறுவனத்தின் வாயிலை எட்டியது. இயக்கியவர் ஹால் ஆஷ்பி. படத்தொகுப்பாளராக இருந்து, 1967ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் தொகுப்புக்காக ஆஸ்கர் பெற்றவர். மோடாக நடித்த ரூத் கார்டன் 1896இல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது 75 வயது. ஹெரால்டாக நடித்த பட் கார்ட் 1948இல் பிறந்தவர். பாடல்கள் கேட் ஸ்டீவன்சினுடையவை.

இத்தகைய படத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? வசை! 'வெரைட்டி' என்னும் திரையுலக ஏடு, தீப்பற்றி எரியும் அனாதை விடுதியில் எவ்வளவு மகிழ்ச்சி இருக்குமோ அவ்வளவுதான் இதிலும் என்று ஏளனம் செய்தது. புகழ்பெற்ற விமர்சகர் ராஜர் ஈபர்ட் நான்கு விண்மீன்களுக்கு ஒன்றரையே கொடுத்தார். கொட்டகைகள் காலியாயின, படம் படுத்தது. ஆனால் இளைஞர்கள் அதைத் தூக்கி நிறுத்தினர். மின்னசோட்டா மாநிலத்து எடைனா நகரில், வெஸ்ட்கேட் என்னும் கொட்டகையில் இரண்டாண்டுகளுக்கும் மேலாக அது ஓடியது. வேறு படம் போடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் அட்டை ஏந்தி மறியல் செய்யும் அளவுக்கு ஓடியது! 1973இல் பாரிஸ் நகரில் அது நாடகமாக ஏறியது; மதலேன் ரெனோ என்ற பெரும் நடிகை மோடாக நின்றார். 1983இல்தான் படம் இலாபக் கணக்கைக் கண்டது. 1997இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றது. 2008இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட காதல் நகைச்சுவைப் படங்களின் வரிசையில் 9ஆம் இடம் கொடுக்கப்பட்டது.

"அப்படியானால் உரிய மதிப்புதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வழக்கு?" என்று கேட்பர். கிடைக்கவில்லை என்கிறோம்! கிடைத்திருப்பது பரிவு, மதிப்பன்று. 'விசித்திரமான படம்', 'கிறுக்குப் படம்', 'ஒரு சிலருக்கே பிடிக்கும் படம்' என்று அன்போடு முதுகில் தட்டி மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பவனைச் சிறையில் அடைப்பது ஒரு வழி. அவனைக் கோமாளி என்று கூறிக் கைதட்டிவிட்டுப் போவது மற்றொரு வழி. இரண்டாவது வழி, முன்னதைவிட வஞ்சகமானது. படம் சிரிக்க வைத்தது என்பதை ஒப்புக்கொண்டவர்கள், எதைப் பார்த்துச் சிரிக்க வைத்தது என்பதை எடை போடவில்லை.

நாம் எடை போடுவோம். படம் வந்தது 1971. அமெரிக்க அரசு வியட்நாமில் போர் நடத்திக் கொண்டிருந்த காலம். 1969 டிசம்பர் முதல் நாள், பிறந்த நாட்களைச் சீட்டுகளில் எழுதி, கண்ணாடிக் கலத்தில் இட்டுக் குலுக்கி எடுத்து, எந்த நாளில் பிறந்தவன் முதலில் படைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தனர். குடவோலையிட்டு ஊர்ச் சபைக்கு ஆளெடுத்த கதையை உத்திரமேரூர்க் கல்வெட்டில் நாம் படித்திருக்கிறோம். அங்கேயோ, சாவுக்கு ஆளெடுக்கக் குடவோலை! அந்தப் போர் முடிவதற்குள் அமெரிக்கப் படையினர் மட்டும் 58,000 பேருக்கு மேல் மாண்டனர். மாண்ட வியட்நாமியரோ பல இலட்சம்.

இந்தப் பின்னணியில் ஒரு காட்சியைப் பாருங்கள். ஹெரால்டும் மோடும் பூக்காட்டின் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். எந்தப் பூவாக விரும்புவாய் என்று பேச்சு. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களைக் காட்டுகிறான் அவன். அவை ஒன்றுபோல இல்லை என்கிறாள் அவள். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவு, தனிச் சாய்வு. தனித்தன்மை உடைய மனிதர்கள் தங்களை எல்லாரையும் போல நடத்தவிட்டுவிடுகிறார்களே, உலகத்தின் துயரில் பெரும்பகுதி அதனால்தான் என்று அவள் கூறுகிறாள். உடனே காட்சி மாறுகிறது. எங்கு நோக்கினும் வெள்ளைக் கற்கள். வரிசை வரிசையாக, ஒன்றுபோலவே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. போர்வீரர் இடுகாடு! வசனம் இல்லை, அழுகை இல்லை, கொடி இல்லை. தொகுப்பாளர் கை வைத்த ஓர் ஒட்டு, ஓராயிரம் மேடைப் பேச்சுகளுக்கு ஈடாக நிற்கிறது.

அந்த மாமனைப் பாருங்கள். ஒரு கையைப் போரில் இழந்தவர். இழந்த கையின் சட்டைக்குள் ஒரு பொறி. கயிற்றை இழுத்தால் வெற்றுச் சட்டைக்கை மேலெழுந்து சலாம் வைக்கிறது! கை போன பின்னும் அடிமைத்தனம் போகவில்லை. மருமகனைப் படையில் சேர்க்க அவர் துடிக்கிறார். அவனோ, மோடின் யோசனைப்படி, கொலைவெறி பிடித்தவன்போல் நடிக்கிறான். கொல்லலாமா, எப்படிக் கொல்லலாம், கொன்றவனின் தலையை நினைவுப் பொருளாக வைத்துக் கொள்ளலாமா என்று ஆவலோடு கேட்கிறான். மாமனுக்கு வியர்க்கிறது. கொல்வதற்காகவே பயிற்சி தரும் படைக்கு, கொல்ல விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்பவன் தேவையில்லை! புனிதப் பூச்சு இல்லாத கொலை அவர்களுக்கு ஒவ்வாது. இதைவிடக் கூர்மையான போர் எதிர்ப்புக் காட்சியைக் கண்ணீர்ப் படங்களில் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னும் ஒன்று. ஆற்றங்கரையோ கடற்கரையோ என்று தெரியாத மாலை ஒளியில் இருவரும் அமர்ந்திருக்கையில், ஹெரால்டு அவள் கையைப் பற்றுகிறான். முன்கையில் பச்சை குத்திய எண். ஓரிரு நொடிகள் மட்டுமே அது திரையில் தெரிகிறது. அவன் பார்த்துவிட்டான்; நாமும் பார்த்துவிட்டோம். அவள் அதுபற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆஷ்விட்ஸ் வதை முகாமில் நாஜிகள் மனிதரின் பெயரை அழித்துவிட்டுக் கையிலே எண்ணைக் குத்தினார்கள். எண்ணாக்கப்பட்டவள்தான், ஒவ்வொரு பூவும் தனி என்று சொன்னவள்! இந்த ஓரிரு நொடிக்குப் பிறகு அவளை 'கிறுக்குக் கிழவி' என்று அழைக்க யாருக்கு மனம் வரும்? மரணத்தை முகத்துக்கு முகம் கண்டவள் வாழ்வைப் பாடுகிறாள். மாளிகையில் பிறந்தவன் மரணத்தை நடித்துப் பார்க்கிறான். யாருக்கு யார் வைத்தியம் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

இனி, எதிர்வழக்காடுவோர் வரட்டும்.

"பொருந்தா மணத்தை எதிர்த்த இயக்கத்தார் நீங்கள், இதைப் போற்றலாமோ?" என்பது முதற் கேள்வி. போற்றலாம்! நாம் எதிர்த்தது எதை? காசுக்காகக் கிழவனிடம் தள்ளப்பட்ட சிறுமியின் கண்ணீரை எதிர்த்தோம். சாரதா சட்டம் 1929இல் வந்து, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்த அளவு கட்டியபோது, சாத்திரம் அழிகிறதே என்று ஓலமிட்ட வைதீகத்தை எதிர்த்தோம். பொருந்தாமை வயதில் மட்டும் இல்லை; வாய் திறக்க உரிமை இல்லாத நிலையில் இருக்கிறது. இங்கே விலை பேசியவர் உண்டா? விற்கப்பட்டவர் உண்டா? அவனுக்கு அவள் பணம் வேண்டாம், அவளிடம் பணமும் இல்லை. அவளுக்கு அவன் மாளிகை வேண்டாம், இரயில் பெட்டியே போதும். இருவரும் வயது வந்தவர், இருவரும் இசைந்தவர். 1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியபோது, ஐயரும் தீயும் இல்லாமல், இருவர் மனமொப்பிக் கூறும் சொல்லே மணம் என்பதை ஏற்க வைத்தது. அந்த அளவுகோலைத்தான் இங்கும் வைக்கிறோம்.

"இறுதியில் அவள் தன் உயிரைத் தானே முடித்துக் கொள்கிறாளே, அதையுமா ஏற்கிறீர்?" என்பது இரண்டாம் கேள்வி. நேர்மையான கேள்வி. 80 வயது நிறைந்த நாளில், முன்பே எடுத்த முடிவின்படி அவள் சாவைத் தேடிக் கொள்கிறாள். இதனை நாம் ஏற்கவில்லை; வாழ்வைக் கற்றுத் தந்தவள் வாழ்ந்தே காட்டியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். எழுதியவரின் கை அங்கே சறுக்கிற்று என்றே கருதுகிறோம். ஆனால், படம் அந்தச் சாவுக்கு மாலை போடவில்லை என்பதையும் காண்க. மருத்துவமனையில் ஹெரால்டு துடிக்கிறான், கெஞ்சுகிறான், கதறுகிறான். சாவை விளையாட்டாக ஆடியவனுக்குச் சாவின் உண்மை முகம் அன்றுதான் தெரிகிறது. அவன் கார் மலையுச்சியிலிருந்து பாய்ந்து நொறுங்குகிறது. முடிந்தான் என்று எண்ணுகிறோம். கேமரா மேலே திரும்புகிறது. உச்சியில் அவன் நிற்கிறான், உயிரோடு! அவள் கொடுத்த பாங்கோவை மீட்டியபடி நடக்கிறான். சவ வண்டி வடிவில் அவன் அமைத்துக் கொண்ட காரைத்தான் அங்கே உருட்டிவிட்டான், தன்னையல்ல. படத்தின் தீர்ப்பு வாழ்வின் பக்கமே நிற்கிறது.

"இதெல்லாம் மேனாட்டுக் கூத்து, நம் பண்பாட்டுக்கு என்ன தொடர்பு?" என்பது மூன்றாம் கேள்வி. தொடர்பைக் காட்டுகிறோம். 1975இல் தமிழ்த் திரையிலும் இதே கேள்வி எழுந்தது. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' தன்னினும் மூத்த பெண்ணை விரும்பிய இளைஞனைக் காட்டியது. துணிவுதான், மறுக்கவில்லை. ஆனால் முடிவில் மகன் தந்தையிடம் திரும்பினான், மகள் தாயிடம் திரும்பினாள், ஊர் நிம்மதியாக உறங்கிற்று. மூத்தவளாக நடித்த ஸ்ரீவித்யா 1953இல் பிறந்தவர். இளையவனாக நடித்த கமல்ஹாசன் 1954இல் பிறந்தவர். ஓராண்டு மூத்த நடிகைதான் நம் திரைக்கு 'மூத்த பெண்'! அதோடு விட்டார்களா? 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அதே ஸ்ரீவித்யா அதே கமலுக்குத் தாய். 1991இல் 'தளபதி'யில், தம்மைவிட மூன்றாண்டு மூத்த ரஜினிகாந்துக்கும் தாய்! நாயகன் நாயகனாகவே நிற்கிறான். அவனுக்கு நரை வந்தால் மை. நாயகிக்கு நரை வரும் முன்பே தாய் வேடம். பண்பாடு என்று இதற்குப் பெயரிட்டால் அந்தச் சொல்லே நாணும். 75 வயது நடிகையைக் காதலின் நாயகியாக நடுத்திரையில் நிறுத்திய அந்த மேனாட்டுக் 'கூத்து', பெண்ணுக்குச் செய்த மரியாதையை நம் திரை இன்னும் செய்யவில்லை.

சிரிப்பு சீர்திருத்தத்துக்கு உதவாது என்று கருதும் தோழர்களுக்கும் ஒரு சொல். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைக் கண்ட நாட்டில் அந்த ஐயம் எழவே கூடாது. மூட நம்பிக்கை கோபத்தைத் தாங்கிக் கொள்ளும். சினந்தவனைச் சபித்துவிட்டு மேலும் இறுகிக் கொள்ளும். சிரிப்பை அதனால் தாங்க முடியாது. நிக்சன் படத்தடியிலும் போப் படத்தடியிலும் அமர்ந்தவர்களைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டவன், மறுபடியும் அந்தப் படங்களின் முன்னே மண்டியிடுவது கடினம்.

பார்க்க வேண்டிய படம் இது. தனியாக அல்ல; படிப்பகத்துத் தோழர்களைக் கூட்டி வைத்துப் பாருங்கள். பெண் தோழர்களையும், மூத்தோரையும் உடன் அமர்த்துங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு விவாதியுங்கள். மோடின் முடிவைப் பற்றி நம்மோடு மாறுபடுவோரும் பேசட்டும். பிறகு வெளியே வாருங்கள். உங்கள் தெருவிலேயே, சாதி வேறு என்றும், வயது கூட என்றும், கைம்பெண் என்றும், மணவிலக்குப் பெற்றவள் என்றும் காரணம் காட்டிப் பிரித்து வைக்கப்பட்ட இருவர் இருப்பர். மாமனும் மருத்துவரும் மதகுருவும் அவர்களுக்கு அறிவுரை சொல்லி முடித்திருப்பர். அம்மூவரும் கேட்க மறந்த கேள்வியை நீங்கள் கேளுங்கள். இருவரும் ஆம் என்றால், சாட்சிக் கையெழுத்துப் போட முன்னே செல்லுங்கள்.